அண்ணாமலைக்கு நேர் கிழக்கே ஓர் எரிமலை

வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் நின்று, வடக்கும் சாயாமல் தெற்கும் சாயாமல் நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்துப் பார்ப்போம். பூமிப்படத்தில் அதை அட்சரேகை என்கிறோம். நம்முடையது வடக்குப் பன்னிரண்டே கால் பாகை. அந்தக் கோடு செஞ்சிக் குன்றுகளைத் தொட்டு, திண்டிவனம் வழியாகப் போய், மரக்காணம் உப்பளங்களின் பக்கத்தில் கடலுக்குள் இறங்கும். அதன் பிறகு வங்காள விரிகுடா. அப்படியே போய் அந்தமான் தீவுகளையும் தாண்டினால், வேங்கிக்காலிலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவில், கடல் நடுவே புகைந்துகொண்டிருக்கும் ஒரு கறுத்த மலையில் போய் முட்டும். அதுதான் பாரன் தீவு. இந்திய மண்ணில் இன்றும் உயிரோடு இருக்கிற ஒரே எரிமலை. அண்ணாமலையின் உச்சிக்கும் அந்த எரிமலை வாய்க்கும் வடக்கு தெற்காக உள்ள வித்தியாசம் நான்கைந்து கிலோமீட்டர்தான்.

இது தற்செயல். கோடுகள் நாம் போட்டுக்கொண்டவை. பூமிக்கு அவற்றைத் தெரியாது. ஆனாலும் இந்தக் கோட்டின் மீது எனக்கு ஒரு பிரியம் உண்டு. கிரிவலம் வருகிறவர்களிடம் இங்கே யாராவது ஒருவர் தவறாமல் சொல்லும் சேதி ஒன்று இருக்கிறது: இந்த மலை ஒரு காலத்தில் எரிமலையாக இருந்தது, இப்போது அணைந்துவிட்டது என்பார்கள். அக்னித் தலம், கார்த்திகை தீபம், கூம்பு போன்ற வடிவம் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணத்தை ஊட்டிவிடுகின்றன. அக்னி என்பது பக்தியின் சொல். அதற்குப் பாறையின் சாட்சி தேவையில்லை. எரிமலை என்பது பாறையின் சொல். அதற்குப் பாறையைத்தான் கேட்க வேண்டும்.

எரிமலை விட்டுச்செல்லும் தடயங்கள் தெளிவானவை. குழம்பு வேகமாக ஆறிக் கெட்டிப்படுவதால் அதன் பாறையில் படிகங்கள் மிகச் சிறியவை. கண்ணுக்கே தெரியாத அளவு பொடி. உள்ளிருந்த வாயு வெளியேறிய இடத்தில் குமிழ்த் துளைகள் இருக்கும். சாம்பல் அடுக்கு, குழம்பு அடுக்கு, மறுபடி சாம்பல் என்று வரிவரியாக மலையின் பக்கம் வெட்டுப்பட்ட இடங்களில் தெரியும். அண்ணாமலையில் எங்கே போய்ப் பார்த்தாலும் இவை இல்லை. உடைந்த கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மணிமணியான படிகங்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். அப்படிப் பெரிய படிகங்கள் வளர வேண்டுமானால் பாறை மிக மெதுவாக, மிக ஆழத்தில் ஆறியிருக்க வேண்டும்.

திருவண்ணாமலை வட்டாரத்தின் பாறைகள் சார்னோக்கைட், நைஸ், கிரானைட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. வட தமிழகத்தின் இந்தப் பாறைகளுக்கு வயது 250 கோடி ஆண்டுகளை ஒட்டி வருகிறது. சார்னோக்கைட் நமக்குப் புதிதல்ல. குவாரிகளில் புளூ மெட்டல் என்று உடைத்து ஜல்லியாக லாரியில் ஏற்றுவது பல இடங்களில் இந்தக் கல்லைத்தான். எண்ணெய் பூசினாற்போல ஒரு கரும்பச்சைப் பளபளப்பு இதற்கு உண்டு. உலகப் பாறையியலுக்கு இந்தப் பெயரைத் தந்ததும் நம் சென்னைப் பக்கத்துக் கல்தான். கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பை ஏற்படுத்திய ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து போன கல் போட்டிருக்கிறார்கள். அதைக் கண்ட தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1890களில் அந்தப் பாறை வகைக்கே சார்னாக்கின் பெயரைச் சூட்டினார்.

சார்னோக்கைட் உருவாக 700, 800 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். மேலே இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை அழுத்த வேண்டும். இன்று நாம் வெறுங்காலோடு நடக்கும் இந்தக் கல் ஒரு காலத்தில் அவ்வளவு ஆழத்தில் கிடந்தது. அதன் மேலிருந்த பாறை முழுவதையும் மழையும் காற்றும் ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துக் கொண்டுபோய்க் கடலில் கொட்டிவிட்டன. அரிக்க முடியாமல் நின்றது 814 மீட்டர் உயர அண்ணாமலை. எரிமலைக் கூம்பு பொலபொலவென்ற சாம்பலும் கழிவுமாகக் குவிந்தது. சில கோடி ஆண்டுகள்கூட வடிவம் கெடாமல் நிற்காது. 250 கோடி ஆண்டு என்ற கணக்குக்கு முன்னால் எந்த எரிமலைக் கூம்பும் பேச்சுக்கே வராது. பூமியின் அடிவயிறு வெளியே தெரிகிற இடம் நம் மலை. எரிமலை என்று சொல்லி அதன் வயதையும் ஆழத்தையும் நாமே குறைத்துவிடுகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும். பாறைக்குழம்பு இந்தப் பக்கம் வரவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. திருவண்ணாமலை, விழுப்புரம், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பழைய பாறையை ஊடுருவிக் கறுப்புக் கீற்றுகள் நெடுகப் போகின்றன. பழைய நிலம் விரிசல் விட்டபோது ஆழத்திலிருந்து குழம்பு ஏறி அந்த விரிசல்களிலேயே உறைந்து போனது. டாலரைட் என்பது அதன் பெயர். அதுவும் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்திய கதை. மெருகேற்றினால் கண்ணாடி போல் முகம் காட்டும் இந்தக் கல்லைத்தான் கறுப்பு கிரானைட் என்று வெட்டி விற்கிறார்கள்.

மலையின் பாறை என்ன என்று தெரிந்துகொள்வது வெறும் தகவல் அல்ல. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தன. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு தீபத்தன்று பக்தர்களை மலையேற விடவில்லை. பழம்பாறை வெயிலிலும் மழையிலும் விரிசல் வழியாகப் பிளந்து உருண்டைக் கற்களாகவும் மக்கிய மண்ணாகவும் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே நாளில் பெருமழை பெய்யும்போது அந்த மண் தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கீழே வருகிறது. இந்த மலையில் அஞ்ச வேண்டியது மழைநீரையும் தளர்ந்த பாறையையும்தான். உள்ளே நெருப்பு இல்லை.

நெருப்பு இருக்கிற இடத்துக்கு இனிக் கோட்டின் மேலேயே போவோம்.

மரக்காணம் கரையைத் தாண்டியதும் கடல் அடித்தளம் சீக்கிரமே சரிந்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. அதற்கப்பால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அடித்தளம் முழுவதும் மண். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையைக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டிய வண்டல், வங்காளக் கரையிலிருந்து இலங்கைக்கும் தெற்கே வரை விசிறி போலப் பரவிக் கிடக்கிறது. உலகத்திலேயே இவ்வளவு பெரிய வண்டல் விசிறி வேறில்லை. இதன் அடியில் என்ன புதைந்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். கிழக்கு 90ஆம் பாகையை ஒட்டி, வடக்கு தெற்காக ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் கடலுக்குள் ஓடுகிறது. தொண்ணூறு கிழக்கு முகடு என்பார்கள். அது முழுக்க எரிமலைப் பாறை. இந்தியா தெற்கே இருந்து வடக்கு நோக்கி நகர்ந்து வந்த காலத்தில், அண்டார்டிகா பக்கம் உள்ள கெர்கலென் என்ற வெப்பமையத்தின் மேலே கடல்தளம் கடந்து போனது; போன தடமெல்லாம் எரிமலையாக எழுந்தது. நம் அட்சரேகைக்கு வரும்போது அந்த முகடு முழுவதும் வண்டலில் மூழ்கிக் கிடக்கிறது. கப்பலிலிருந்து ஒலியலைகளை அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும். மேலே போகிற மீன்பிடிப் படகுக்கு அடியில், இமயமலையின் மண்ணைப் போர்த்திக்கொண்டு, செத்துப்போன எரிமலைகளின் நெடுவரிசை ஒன்று படுத்திருக்கிறது.

அதையும் தாண்டினால் அந்தமானுக்கு மேற்கே கடல்தளம் மறுபடி தாழ்கிறது. பூமியின் ஓட்டில் இது மிக முக்கியமான இடம். நாம் நிற்கும் கண்டமும் வங்கக்கடலின் அடித்தளமும் சேர்ந்த இந்தியத் தட்டு இங்கே பர்மாத் தட்டின் கீழே அமிழ்ந்து போகிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான். ஆனால் நிற்காமல் போகிறது. நேராக மோதாமல் சாய்வாக உரசிக்கொண்டு போவதால் இழுபறி அதிகம். அமிழும் தட்டின் முதுகிலிருந்து வழிக்கப்பட்ட வண்டலும் கடலோட்டுத் துண்டுகளும் குவிந்து மேலெழுந்தவைதான் அந்தமான் தீவுகள். அந்தத் தீவுகள் எரிமலையால் வந்தவை அல்ல.

இரு தட்டுகளும் உரசும் இடம் சில நேரம் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே வீச்சில் விடுபட்டது. நிலநடுக்க அளவு 9.1. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் கடல் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் சென்னையிலும் ஏறியது. சுனாமி என்ற சொல்லே அன்றைக்குத்தான் நம் வீடுகளுக்குள் வந்தது. அன்று அலையை எழுப்பிய அதே அமிழ்தல்தான் பாரன் தீவின் அடுப்புக்கும் விறகு போடுகிறது.

கீழே இறங்கும் தட்டு குளிர்ந்த தட்டு. குளிர்ந்த பாறை உள்ளே போனால் வெப்பம் குறையத்தானே வேண்டும், உருகுவது எப்படி? விடை தண்ணீரில் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலடியில் கிடந்த தட்டின் கனிமங்களுக்குள் தண்ணீர் பிணைந்திருக்கிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போகும்போது அழுத்தமும் வெப்பமும் அந்தத் தண்ணீரைப் பிழிந்தெடுத்து மேலே உள்ள சூடான பாறைக்குள் அனுப்புகின்றன. ராத்திரியில் மணியடித்துக்கொண்டு வரும் குல்ஃபி வண்டிக்காரர் பானைக்குள் ஐஸ்கட்டியோடு கல்லுப்பைப் போடுவார். உப்பு பட்ட ஐஸ், சாதாரணமாக உருகாத குளிரிலும் உருகும். அதேபோலத் தண்ணீர் பட்ட பாறை, தான் உருகக் கூடாத வெப்பத்திலும் உருகத் தொடங்கும். உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையை விட லேசானது. அது மேலே ஏறும். ஏறி ஏறிக் கடல்தளத்தைத் துளைத்துக்கொண்டு வந்த இடம்தான் பாரன் தீவு. சுமத்ராவின் எரிமலைகள், பாரன் தீவு, அதற்கு வடக்கே நார்கொண்டம், மியான்மரில் போப்பா மலை எல்லாம் இந்த ஒரே வளைவில் வருகின்றன. 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்து இந்தியா முழுவதும் சாம்பலைத் தூவிய தோபா இருப்பதும் சுமத்ராவில்தான். ஆந்திரத்தின் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பலை இன்றும் அடுக்காகப் பார்க்கலாம்.

அந்தமானில் பாரத்தாங் தீவுக்குச் சுற்றுலா போய்வருகிறவர்கள் எரிமலையைப் பார்த்தோம் என்பார்கள். அவர்கள் பார்த்தது சேற்று எரிமலை. வண்டலுக்குள் சிக்கிய வாயு சேற்றைத் தள்ளிக்கொண்டு குமிழியிட்டு வெளியே வருகிற இடம் அது. கை வைத்தால் சில்லென்று இருக்கும். உண்மையான எரிமலையைப் பார்க்க இன்னும் கிழக்கே போக வேண்டும்.

போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே 135 கிலோமீட்டருக்கு மேல். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் குறுக்களவு கொண்ட வட்டத் தீவு. குடியிருப்பு ஒன்றும் இல்லை. கடல் மட்டத்துக்கு மேலே தெரிவது 350 மீட்டர் அளவுதான். அண்ணாமலையில் பாதிகூட இல்லை. ஆனால் மலையின் அடிவாரம் கடலுக்குள் 2,000 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. நாம் பார்ப்பது ஒரு பெரிய மலையின் கொண்டையை மட்டும். தீவின் வெளிச்சுவர் பழைய எரிமலையின் மிச்சம். உச்சி போய், நடுவே இரண்டு கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பெரும்பள்ளம். அந்தப் பள்ளத்தின் நடுவே புதிய கூம்பு ஒன்று எழுந்து நிற்கிறது. சுவர் மேற்குப் பக்கம் உடைந்து திறந்திருக்கிறது. கூம்பிலிருந்து வழியும் குழம்பு அந்த வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போகும். போய்ச் சேரும்போது கடல் கொதித்து வெள்ளை ஆவி எழும்.

எழுத்தில் முதலில் கிடைக்கும் வெடிப்பு 1787ஆம் ஆண்டினுடையது. அந்த மே மாதம் அவ்வழியே கப்பலில் போன ராபர்ட் கோல்புரூக் என்ற அளவையாளர் உச்சியிலிருந்து புகைத்தூண் எழுவதைப் பார்த்தார். இவர் பிறகு வங்காளத்தின் தலைமை நில அளவையாளர் ஆனவர். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் கரையிறங்கினார். போர்ட் பிளேருக்குப் பெயர் வந்ததே இவரால்தான். அப்போது மலை முழு வேகத்தில் இருந்தது. மூன்று நான்கு டன் எடையுள்ள பாறைகளையும் தூக்கி எறிந்தது என்று பதிவு இருக்கிறது. 1795, 1803, 1804 என்று கப்பல்காரர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மலை அடங்கியது. போனவர்கள் கண்டது லேசான ஆவியும், கரையோரம் சுடுநீர் ஊற்றும், கந்தகப் படிவும்தான். 1884இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் மாலெட் அங்கே போய் விரிவாக ஆராய்ந்து அடுத்த ஆண்டு ஒரு நூலே எழுதினார்.

அதற்கு முன்பே இந்தக் குட்டித் தீவு ஐரோப்பிய அறிவியலின் பெரிய சண்டை ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தது. அங்கேதான் கிரேக்கக் கடலின் சாந்தோரினி கதைக்குள் வருகிறது. சாந்தோரினியும் வட்டமான சுவர், நடுவே பள்ளம், பள்ளத்துக்குள் புதிய எரிமலைத் தீவுகள் என்ற அமைப்புதான். கி.மு. 1600 வாக்கில் ஒரு பெருவெடிப்பில் அந்தத் தீவின் நடுப்பகுதி உள்ளே விழுந்தது. அக்ரோத்தீரி என்ற நகரம் சாம்பலில் புதைந்தது. பிறகு கி.மு. 197 முதல் பள்ளத்தின் நடுவே புதுத் தீவுகள் எழுந்துகொண்டே இருந்தன. இந்த வடிவம் எப்படி வந்தது? ஜெர்மனியின் லியோபோல்ட் வான் பூக் ஒரு விடை சொன்னார்: கடல்தளம் கீழிருந்து வந்த அழுத்தத்தால் கொப்புளம் போல உப்பி, நடுவே வெடித்துத் திறந்தது, சுற்றுச்சுவர் அப்படி நிமிர்ந்து நிற்கும் பழைய தரைதான். இதற்குச் சாட்சியாக லா பால்மா, சாந்தோரினி ஆகியவற்றோடு அவர் காட்டிய இன்னொரு தீவு, நம் பாரன்.

சார்லஸ் லயல் ஒத்துக்கொள்ளவில்லை. 1830இல் வெளிவந்த தன் நிலவியல் நூலின் முதல் தொகுதியில் பாரன் தீவையும் எடுத்துப் பேசி, இவையெல்லாம் குழம்பும் சாம்பலும் வெடிப்புக்கு வெடிப்பு அடுக்கடுக்காகக் குவிந்த மலைகள், உப்பிப் பிளந்த தரை அல்ல என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் பீகிள் கப்பலில் ஏறிய இளைஞர் டார்வின் கையில் இருந்தது இந்தத் தொகுதிதான். அந்தமான் கடலில் ஆளில்லாமல் கிடந்த ஒரு பாறை அப்படி டார்வினின் கண்ணிலும் பட்டது. பள்ளத்துக்குள் கடல் புகுந்து நிற்பதாக அன்றைய ஐரோப்பியர்கள் எழுதியிருந்தார்கள். நேரில் உள்ளே நடந்தவர்கள் கண்டது கூரிய கறுப்புக் குழம்புப் பாறை பரந்து கிடக்கும் தரை. தூரத்திலிருந்து கேட்டு எழுதுவதற்கும் போய்ப் பார்த்து எழுதுவதற்கும் அவ்வளவு வித்தியாசம். கடைசியில் லயல் பக்கம்தான் வென்றது. செங்குத்துச் சரிவில் குழம்பு கெட்டிப்பட முடியாது என்பது எதிர்த்தரப்பின் முக்கிய வாதம். முடியும் என்று அவர் 1858இல் எட்னா எரிமலையில் காட்டினார். பெரும்பள்ளம் உண்டாவதற்கான காரணமும் பிறகு தெளிவாயிற்று. அடியில் உள்ள குழம்பறை காலியாகும்போது தாங்க ஆளில்லாமல் மேல்மலை உள்ளே விழுந்துவிடுகிறது.

சாந்தோரினியில் அந்த விளிம்பின் மேலேயே வெள்ளை வீடுகள் கட்டி ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். 2025 தொடக்கத்தில் நிலநடுக்கங்கள் வரிசையாக வந்தபோது பதினோராயிரம் பேருக்கு மேல் தீவை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பாரனில் அந்தக் கவலை இல்லை.

ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தூங்கியதால் பாரனை அணைந்த எரிமலை என்றே பலர் எண்ணத் தொடங்கியிருந்தார்கள். 1991 வசந்தத்தில் அது விழித்தது. பல மாதங்கள் ஓயாமல் கக்கியது. மேற்கு வாசல் வழியாகக் குழம்பு இறங்கியது. 1993இல் ஆய்வுக்குச் சென்ற குழு, தீவில் முன்பு அறியப்பட்டிருந்த 16 பறவையினங்களில் ஆறை மட்டுமே கண்டது. 1994, 95இல் மறுபடி. 2005 மே மாதம் தொடங்கிய வெடிப்பு நெடுநாள் நீடித்தது. சுனாமி வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது என்பதால் அந்தப் பெருநிலநடுக்கமே மலையை உசுப்பிவிட்டதோ என்ற கேள்வி எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான். ஆனால் நிலநடுக்கம் இல்லாமலேயே 1991இலும் 1994இலும் விழித்த மலை அது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2017 ஜனவரி 23 அன்று நடந்தது எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். கோவாவின் தேசிய கடலாய்வியல் நிறுவனத்தைச் சேர்ந்த குழு, சிந்து சங்கல்ப் என்ற ஆய்வுக்கப்பலில் பாரன் பக்கத்தில் கடலடி மண்ணை எடுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று மலை சாம்பலை உமிழத் தொடங்கியது. கப்பலை ஒரு மைல் தள்ளி நிறுத்திக் கவனித்தார்கள். ஒவ்வொன்றும் ஐந்து பத்து நிமிடம் நீளும் சிறு சிறு வெடிப்பு. பகலில் சாம்பல் மேகம் மட்டும் தெரிந்தது. இருட்டிய பிறகுதான் வாயிலிருந்து செந்நிறக் குழம்பு பீறிடுவதும், சரிவில் அது வழிந்து இறங்குவதும் கண்ணுக்குப் பட்டது. 2018இல் மறுபடி வெடித்தது. 2025 செப்டம்பரிலும் வெடித்தது.

இந்த மலையின் வயதைச் சொல்வதற்கு அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர் இரண்டு வழிகளில் முயன்றிருக்கிறார்கள். ஒன்று, பாறையிலுள்ள ஆர்கான் வாயுவை அளப்பது. அதன்படி கடலுக்கு மேலே தெரியும் பாறைகளில் பழையது ஏறத்தாழ 16 லட்சம் ஆண்டு. இரண்டாவது, தீவுக்குத் தென்கிழக்கே கடலடியில் குழாயை இறக்கி எடுத்த நாலு மீட்டர் நீள வண்டல். அந்த மண்ணுக்குள் கறுப்புச் சாம்பல் ஏழு அடுக்குகளாக இருந்தது. பழையது 70,000 ஆண்டுகளை ஒட்டியது. நாம் எழுதி வைத்த 240 ஆண்டுக் குறிப்பு அதற்கு முன்னால் எம்மாத்திரம்! மலை தன் கணக்கைக் கடலடியில் தானே எழுதி வைத்திருக்கிறது. 250 கோடி ஆண்டுப் பாறையின் நிழலில் இருந்துகொண்டு 16 லட்சம் என்று படிக்கும்போது, இந்த எரிமலை நேற்றுப் பிறந்த குழந்தை என்றே தோன்றுகிறது.

சாம்பலும் கந்தகமும் சூழ்ந்த அந்த இடத்திலும் உயிர் இருக்கிறது. வெளிச்சுவரின் சரிவுகளில், குழம்பு எட்டாத பக்கம், அடர்ந்த பச்சை. எலிகள், பலவகைப் பூச்சிகள், வெள்ளைப் புறாக் கூட்டம். கப்பல்காரர்கள் எப்போதோ கொண்டுவந்து விட்ட ஆடுகளின் வம்சமும் உண்டு. கப்பல் உடைந்து கரையேறுகிறவர்களுக்கு உணவாகட்டும் என்று அந்தக் காலத்தில் ஆளில்லாத் தீவுகளில் ஆடு விடுவது வழக்கம். வெடிப்பு மேல் வெடிப்பாக வந்தும் அவை தாக்குப்பிடித்திருக்கின்றன. நாம் போய்ப் பார்க்க வேண்டுமானால் வனத்துறையின் அனுமதி வேண்டும். பெரும்பாலும் படகிலிருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

எரிமலை ஓய்ந்த பிறகு என்ன ஆகும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அங்கிருந்து வடக்கே போக வேண்டும். அதே வளைவில் நார்கொண்டம் இருக்கிறது. ஏறத்தாழ ஏழு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. உயரம் 710 மீட்டர். மனிதர் எழுதி வைத்த காலத்தில் அது வெடித்ததில்லை. குழம்புப் பாறை மக்கி மண்ணாகி, உச்சி வரை மழைக்காடு ஏறிவிட்டது. அந்தக் காட்டில் நார்கொண்டம் இருவாச்சி என்றொரு பறவை வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இதை 1873இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 12 ஆண்டு கழித்துக் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கிய அதே ஹியூம்தான். 1969இல் தீவில் ஒரு காவல் நிலையம் வைத்தார்கள். அதைத் தவிர மனிதக் குடியிருப்பு இல்லை. கடலோரக் காவல்படைக்காக அங்கே ரேடார் அமைக்க வந்த திட்டத்தை 2012இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்தப் பறவைக்காகவே மறுத்தது.

இருவாச்சிகள் இப்போது ஆயிரம் அளவில் இருப்பதாக அண்மைக் கணக்கெடுப்பு சொல்கிறது. இவ்வளவு நெருக்கமாக இருவாச்சி வாழும் இடத்தைக் காண்பது அரிது. அதற்குக் காரணம் அத்தி. தீவு முழுக்க ஆல், அத்தி போன்ற மரங்கள் நிறைந்திருக்கின்றன. பறவை பழத்தைத் தின்று, பறந்துபோகிற இடமெல்லாம் விதையைப் போடுகிறது. போட்ட விதை வேர்விடுவது குழம்பு உறைந்த பாறையின் இடுக்கில்.